சாயங்காலம் புகையாத வீடு

ரயிலும் வரலை, ரேஷனும் வரலை, ஊர் முழுக்க ஊதுகுழல் வச்சு அடுப்பு ஊதின காலம். கரிசக்காட்டுல வரகனேந்தல்னு ஒரு ஊர். அந்த ஊர்ல வெயிலுகந்தாள்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துல அவ எத்தனை தலைமுறைக்கு முந்தினவன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவாக. ஆனா அவ ஆக்கின சோத்தைப் பத்திக் கேட்டா எல்லாரும் ஒண்ணு போலத்தான் சொல்லுவாக.

அந்த ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. கரிசக்காட்டுல மரம் ஏது? காய்ஞ்ச பருத்திச் செடியை, பருத்திமாரை அடுக்கி வச்சு, அதைத்தான் வருசம் பூராவும் எரிக்கணும். காலையில யாரும் அடுப்புப் பத்த வைக்க மாட்டாக. பழைய கஞ்சியைக் குடிச்சிட்டுக் காட்டுக்குப் போவாக. பொழுது சாயத்தான் உலை. அப்போ வீட்டுக்கு வீடு கூரையில புகை கிளம்புமாம். எந்த வீட்டுல கிளம்பலையோ, அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கும்பாக் கஞ்சியோட போய் நிப்பாளாம். "ஏளா, உலை வைக்கலையா? மேலுக்குச் சரியில்லையா? இந்தா, இதைக் குடி." நல்ல பழக்கம்தானே? அந்த நல்ல பழக்கம்தான் வெயிலுகந்தாளைப் பாடாப் படுத்திருச்சு.

வெயிலுகந்தாளுக்குத் தாயும் கிடையாது, தகப்பனும் கிடையாது. சித்தப்பன் வீட்டுல வளர்ந்தவ. கல்யாணம் முடிஞ்சு வந்த அன்னைக்கு அவ மாமியார் கோப்பம்மா அவளைப் பார்த்துட்டு, "என்னடா கொம்பையா, பொண்ணு கட்டிட்டு வரச் சொன்னா பருத்திமார் ஒண்ணைக் கொண்டாந்திருக்கியே"ன்னாளாம். மகன் முழிச்சானாம். அன்னையிலருந்து மருமகளைப் பக்கத்துல உட்கார வச்சுத்தான் கோப்பம்மா சாப்பிடுவா. "இன்னொரு உருண்டை. ஏன், வாய்க்குள்ள இடமில்லையா? ஏசுறதுக்கு மட்டும் இடமிருக்கும்ல?" இப்படியே ஏசி ஏசி ஊட்டி, பருத்திமாரு ஒரு ஆளாச்சு.

வருசம் போச்சு. கோப்பம்மாவுக்கு வயசாச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லை, ஞாபகம் மட்டும் ஒவ்வொண்ணாக் கழண்டுபோச்சு. முதல்ல ஆட்டுக்குட்டி பேரு மறந்துச்சு. அப்புறம் பேரப்பிள்ளை பேரு. அப்புறம் மருமக யாருங்கிறதே மறந்துபோச்சு. வெயிலுகந்தாளை "யாத்தா, யாத்தா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாளாம், பெத்த தாயைக் கூப்பிடுற மாதிரி. இவ என்ன செஞ்சா? "என்ன மகளே"ன்னு கேட்டுட்டு வேலையைப் பார்த்தா.

எல்லாத்துலயும் பெரிய மறதி என்னன்னா, சாப்பிட்டது. வாய் கழுவின ஈரம் காயுமுன்ன, "சோறு போட மாட்டீகளா?"ம்பா.

கொம்பையா வண்டிக்காரன். பருத்திப் பொதி ஏத்திக்கிட்டுப் போனா, திரும்பி வர அமாவாசையோ பௌர்ணமியோ ஆகும். வீட்டுல வெயிலுகந்தாளும், கைப்பிள்ளையும், கோப்பம்மாவும்தான்.

ஒரு நாள் பொழுது சாயுற நேரம். அடுப்புல தீ எரியுது. வெயிலுகந்தாள் தொட்டியில தண்ணி கோரப் போயிருக்கா. திரும்பி வந்து பார்த்தா, கோப்பம்மா எரியுற பருத்திமாரை உருவிக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கா. "விளக்குப் பொருத்துதேன் யாத்தா"ங்கா. சேலை முந்தி பிடிச்சு எரியுது! இவ பாய்ஞ்சு வெறுங்கையால அமுக்கி அணைச்சா. கிழவிக்கு ஒண்ணுமில்லை, இவ உள்ளங்கை வெந்துபோச்சு. அந்தக் கையைத் தண்ணிக்குள்ள வச்சுக்கிட்டு ஒரு முடிவு எடுத்தாளாம்: 'இனிமே இவுக முழிச்சிருக்கையில இந்த வீட்டுல தீ எரியக்கூடாது.'

தீ எரியக்கூடாது, சரி. சோறு எப்படி வேகும்?

விடியுமுன்ன, கோப்பம்மா தூங்குறப்போ அடுப்பைப் பத்த வச்சா. குதிரைவாலியும் பாசிப்பயறும் ஒரே பானையில. உலை கொதிச்சு நுரை கட்டுது, அரிசி இன்னும் வேகலை. அதுக்குள்ள வெளிய சத்தம் கேட்குது: "பருத்திக்குப் போறவுக வாங்க, பனி காயுறதுக்குள்ள போகணும்!" உள்ள கோப்பம்மாவும் முழிச்சுக்கிட்டா. தீயை அணைச்சாச்சு. அரைவேக்காட்டுப் பானையை என்ன செய்ய? முற்றத்துல தானியம் போடுற குலுக்கை ஒண்ணு உடைஞ்சு, இடுப்பு உசரத்துக்குக் கிடந்துச்சு. அதுக்குள்ள கோழி அடையட்டும்னு வரகு வைக்கோல் போட்டு வச்சிருந்தா. நாய் தொடாம இருக்கட்டுமேன்னு பானையை வைக்கோலுக்குள்ள இறக்கி, மேல பழைய சேலையைச் சுருட்டி அமுக்கி, அதுக்கு மேல பலகையைப் போட்டுட்டு ஓடினா.

உச்சிக்கு வந்து திறந்தா, ஆவி முகத்துல அடிக்குது! சோறு வெந்து, பயறு மலர்ந்து, பானை அடியில ஒட்டாம, பிடிக்காம இருக்கு. வெயிலுகந்தாள் சுத்தியும் முத்தியும் பார்த்தாளாம், யாராவது வந்து ஆக்கி வச்சிட்டுப் போனாகளான்னு.

அப்புறம் அதையே வழக்கமாக்கிக்கிட்டா. சின்னப் பானை உச்சிக்கு, பெரிய பானை பொழுது சாய. ரெண்டுக்கும் விடியுமுன்ன ஒரு கொதி, மத்ததை வைக்கோல் பார்த்துக்கிடும். விறகுல பாதிக்கு மேல மிச்சம். ஒவ்வொரு பானையிலயும் மூணு பதம். மேலாக எடுத்தா உதிரியா இருக்கும், அது அவளுக்கு. நடுவுல எடுத்து முருங்கைக்கீரைத் தண்ணி விட்டு மசிச்சா, பல்லில்லாத கோப்பம்மாவுக்கு. அடியில குழைஞ்சு கிடக்கிறதை வடிகட்டினா கைப்பிள்ளைக்கு. பூசணிக்காய் அரிஞ்சா தோலை எறிய மாட்டா. வதக்கி, ரெண்டு வத்தலும் புளியும் வச்சு அரைச்சுருவா. அரிசி கழுவின தண்ணியில கீரை வேகும். வீட்டுல ஆளை வச்சுப் பார்க்கிறவளுக்குக் கை ரெண்டுதான். அந்த ரெண்டு கையும் கிழவியைப் பிடிக்கிறதுக்கு வேணும்னு, அடுப்படியில எங்கெங்க மிச்சம் பிடிக்கலாமோ அங்கெல்லாம் பிடிச்சாளாம்.

ஊருக்கு இது தெரியாது. ஊருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் அந்த வீட்டுல புகை இல்லை.

பக்கத்து வீட்டு மூக்கம்மா வழக்கம் போல கும்பாவோட வந்தா. வெயிலுகந்தாள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தா. வாசல்ல கோப்பம்மா.

"பெரியாத்தா, சாப்பிட்டியா?"

"எங்கிட்டுத் தாயி? சோறு கண்டு எம்புட்டு நாளாச்சோ."

கும்பாவை வாங்கி மளமளன்னு குடிச்சா. மூக்கம்மாவுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. மறுநாள் இன்னொருத்தி வந்தா. அவளும் கோப்பம்மாவைத்தான் கேட்டா. அதுக்கு மறுநாள் வேறொருத்தி. வந்தவுக அத்தனை பேரும் கிழவியைத்தான் கேட்டாக. வெயிலுகந்தாளை ஒருத்தியும் கேட்கலை. பருத்திக் காட்டுல அவ எடுக்கிற நிரைக்குப் பக்கத்து வரிசையில யாரும் நிக்கிறதில்லை. அவ போனா பேச்சு நின்னுபோகும். எதுக்குன்னு அவளுக்குப் புரியலை.

பேச்சு ஊரைத் தாண்டிப் போச்சு. கோப்பம்மா மக ஆவுடத்தாய், நாலு ஊர் தள்ளி வாக்கப்பட்டவ, அவ காதுல விழுந்துச்சு. கேட்ட மறுநிமிசம் வண்டியைப் பூட்டிட்டா. ஆவுடத்தாய் கெட்டவ இல்லை. தாய் பட்டினின்னு கேட்டா எந்த மகதான் உட்கார்ந்திருப்பா?

பொழுது சாயுற நேரம் வந்து இறங்கினா. ஊர்ல எல்லாக் கூரையிலயும் புகை. தாய் வீட்டுக் கூரை மொட்டையா நிக்கி. வாசல்ல கோப்பம்மா.

"எம்மா! சாப்பிட்டியா?"

"யாரு தாயி நீ? எனக்குச் சோறு போடுவியா?"

அவ்வளவுதான். ஆவுடத்தாய் தெருவுல நின்னு போட்ட சத்தத்துல ஊரே கூடிருச்சு. மடியில பருத்தியோட, இடுப்புல பிள்ளையோட வெயிலுகந்தாள் வந்து சேர்ந்தா.

"வாங்க மதினி"ன்னா.

"மதினியாவது கொதினியாவது! எங்கம்மா உன்னை மடியில வச்சு ஊட்டினவளா இல்லையா? அந்த வயித்துக்கு ஒரு கரண்டிக் கஞ்சி காய்ச்ச உனக்குக் கை வரலையா? இப்பவே கூட்டிட்டுப் போறேன். என் தம்பி வரட்டும், உன்னை வாசப்படி மிதிக்க விடுறானான்னு பார்க்கேன்!"

வெயிலுகந்தாளுக்கு இப்பத்தான் எல்லாம் விளங்குச்சு. தன் பேரு கெட்டதைப் பத்தி அவ நினைக்கலையாம். கோப்பம்மாவுக்கு இந்த வீட்டுல தொட்டி எங்கே, வாசல் எங்கேங்கிறது மட்டும்தான் இன்னும் மிச்சமிருந்துச்சு. வேற ஊருக்குக் கொண்டுபோனா அதுவும் போயிரும். சுவர்ல முட்டி முட்டி அழுதே செத்துப்போகும். அதைத்தான் நினைச்சாளாம்.

நேரா குலுக்கைக்கிட்டப் போனா. பலகையை எடுத்தா, சேலையை எடுத்தா, வைக்கோலை விலக்கினா. பானையைத் தூக்கி முற்றத்துல வச்சு மூடியைத் திறந்தா. ஆவி குபுகுபுன்னு கிளம்புது. பூண்டு வாசம் தெருவுக்கே அடிக்குது.

கூட்டம் "ஆ"ன்னுச்சு. ஒரு கிழவர், "ஏலே, தீயில்லாம வெந்திருக்குடா"ன்னார். ஆனா மூக்கம்மா விடலை. "மக வாராளேன்னு தெரிஞ்சு இன்னைக்கு மட்டும் ஆக்கி ஒளிச்சு வச்சிருப்பா. பெரியாத்தா வாயால சொல்லுதே, அது பொய்யா?"

அதுவும் சரிதானேன்னு கூட்டம் தலையாட்டுச்சு. பெரியவுக பொய் சொல்லுறாகன்னு சொல்ல வெயிலுகந்தாளுக்கு மனசு வரலை.

"தள்ளு அங்கிட்டு"ன்னா ஆவுடத்தாய். "எங்கம்மாவுக்கு என் கையால ஊட்டிட்டு, அப்புறம் வண்டியில ஏத்துதேன்."

உட்கார்ந்தா. ஊட்டினா. கோப்பம்மா ஒரு கும்பா சாப்பிட்டா, இன்னொரு கும்பா சாப்பிட்டா, ஏப்பம் விட்டா. "நல்லாருக்கு தாயி, உப்புத்தான் ஒரு கல்லுக் கம்மி"ன்னா. கூட்டம் சிரிச்சுது. ஆவுடத்தாய் தாய்க்கு வாயைக் கழுவித் துடைச்சு விட்டா. தன் கையைக் கழுவல, வண்டியில மெத்துன்னு படுக்கை விரிக்கணும்னு சோத்துக் கையோடயே எந்திரிச்சுப் போனா.

அவ வண்டிக்கிட்டப் போயிருப்பா, போயிருக்க மாட்டா. கோப்பம்மா மூக்கம்மாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டா. மெதுவாப் பேசுறதா நினைச்சுக்கிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னா:

"ஏ தாயி, வண்டியில ஒரு பொம்பளை வந்தாள்ல? பகட்டான சேலை. சோறு தாரேன் தாரேன்னு ஆசை காட்டிட்டு, தராமலே போறா பாரு. கல்நெஞ்சுக்காரி."

அது ஆவுடத்தாய் காதுலயும் விழுந்துச்சு.

திரும்பி வந்தா. "எம்மா, இப்பத்தானம்மா ஊட்டினேன்! இந்தா பாரு, என் கையி!" சோத்துப் பருக்கை ஒட்டின கையைத் தாய் முகத்துக்கு நேர நீட்டினா. கோப்பம்மா அந்தக் கையைப் பார்த்தா, மகளைப் பார்த்தா. "நீ சாப்பிட்டிருக்கே"ன்னா. "எனக்கு?"

ஆவுடத்தாய் அப்படியே தரையில உட்கார்ந்துட்டா.

வெயிலுகந்தாள் உள்ள போய், ஒரு சின்னக் கிண்ணத்துல நீர்த்த கஞ்சி கொண்டாந்தா. "இந்தா மகளே, உனக்குத்தான் எடுத்து வச்சேன்"ன்னு ரெண்டு வாய் குடுத்தா. கிழவி முகம் மலர்ந்துபோச்சு. அப்புறம் நாத்தனாக்கிட்டச் சொன்னாளாம்: "இப்பத்தான் சாப்பிட்டாச்சேன்னு சொல்லக்கூடாது மதினி. சொன்னா, நம்மளைத் துரத்துறாகன்னு அழுவாக. சோறு இல்லைன்னும் சொல்லக்கூடாது. கேட்கும்போதெல்லாம் ரெண்டு வாய் குடுத்திரணும். அதுக்குன்னு தண்ணியா ஒரு செம்பு எப்பவும் வச்சிருப்பேன். வயித்துக்கும் ஒண்ணும் செய்யாது."

மூக்கம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. ஆவுடத்தாய் தரையில இருந்தபடியே வெயிலுகந்தாளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டா:

"சரி. நீ சாப்பிட்டியாட்டி?"

வெயிலுகந்தாள் யோசிச்சா. விடியுமுன்ன உலை வச்சது நினைப்பிருக்கு. உச்சிக்கு ஓடி வந்து ஊட்டினது நினைப்பிருக்கு. பிள்ளைக்கு வடிகட்டினது நினைப்பிருக்கு. தான் சாப்பிட்டதை மட்டும் எவ்வளவு யோசிச்சும் கண்டுபிடிக்க முடியலை.

"தெரியலையே மதினி"ன்னா.

கூட்டத்துல ஒருத்தருக்கும் சிரிப்பு வரலையாம். ஆவுடத்தாய் எந்திரிச்சுக் கையைக் கழுவினா. பானையில மிச்சமிருந்ததை வழிச்சுப் போட்டு, வெயிலுகந்தாளைப் பிடிச்சு உட்கார வச்சா. ஏசி ஏசி ஊட்டினா, தாய் ஊட்டின அதே மாதிரி. அப்புறம் தன்னைக் கூட்டிட்டு வந்த வண்டிக்காரனைப் பார்த்து, "நீ போ. பருத்தி முடியட்டும், வாரேன்"னு அனுப்பிட்டா.

இன்னைக்கும் வரகனேந்தலுக்குப் போய்ப் பாருங்க. இப்ப யாரு கூரையில புகை தேடுறா? எல்லார் வீட்டுலயும் சிலிண்டர்தான். ஆனா வயசாளி கிடக்கிற வீட்டுக்கு ஒறமுறையில யாரு வந்தாலும், சென்னையிலருந்து வந்தாலும் சரி, சிங்கப்பூர்லருந்து வந்தாலும் சரி, வந்ததும் கையைக் கழுவிட்டு ஒரு வேளை அவுகதான் ஊட்டணும். ஊட்டி முடிக்கிற மட்டும் அந்த வீட்டைப் பத்தி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசக்கூடாது. முடிஞ்சதும், "சாப்பிட்டியா?"ன்னு கேட்கணும். படுத்திருக்கிற ஆளைக் கேட்கக்கூடாது. பார்த்துக்கிறவளைக் கேட்கணும். அவ யோசிச்சா, இலையைப் போட்டு அவளை உட்கார வச்சிரணும். 'ஆவுடைச் சோறு'ன்னு அதுக்குப் பேரு.

வெயிலுகந்தாள் பேரை ஏன் வைக்கலைன்னு கேட்பீக. அவ ஆக்கினா, தினம் ஆக்கினா. ஆனா ஆக்கினவளுக்கு ஒருத்தி போட்டாள்ல, அந்தச் சோத்துக்குத்தான் பேரு வச்சிருக்கு. வைக்கச் சொன்னதே வெயிலுகந்தாள்தான்னு சொல்லுவாக.

சொன்ன வாய்க்கும் கேட்ட காதுக்கும் இன்னைக்கு வயிறு குளிரட்டும். எந்திரிங்க, நேரமாச்சு. நீங்க சாப்பிட்டீகளா?