காலி என்று காட்டிய மூன்றாம் அறை

மேலே எழுதப்பட்டுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது ஐம்பத்து நான்கு. பழ மொத்த வியாபாரமும், பழங்களை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கும் குளிர்கிடங்கும் நடத்தி வருகிறேன். இன்று முற்பகல் மேற்படி கிடங்கின் மூன்றாம் அறையில் என் மனைவியின் தம்பி ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே ஆள் இருப்பதாகக் கணினியில் முறைப்படி பதிவு செய்தும், கணினி அந்த அறையைக் காலி என்று எடுத்துக்கொண்டு கதவை மூடி நைட்ரஜனைத் திறந்துவிட்டது. இது குறித்துத் தாங்கள் போலீஸ் நிலையத்தில் என்னை விசாரித்ததில் நான் கூறுவது யாதெனில்:

நான் தள்ளுவண்டியில் பழம் விற்று மேலே வந்தவன். பள்ளிப் படிப்பு பாதியோடு நின்றது. கணினி வேலை எனக்குத் தெரியாது. ஆனால் என் கிடங்கில் எது எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பெட்டியைக்கூட நகர்த்த விடமாட்டேன். ஆகவே எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

பழத்தைத் தூங்க வைப்பதுதான் எங்கள் தொழில். அறையை இறுக மூடி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளி, அந்த இடத்தில் நைட்ரஜனை நிரப்பினால் பழம் பழுக்காமல் அப்படியே கிடக்கும். மேற்படி வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. இருமல் வராது, மூச்சு முட்டாது. உள்ளே மாட்டிக்கொண்டவருக்குத் தூக்கம் சொக்குவது போல இருக்கும், அதோடு முடிந்துவிடும். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதை நானே சொல்வேன்.

அறைகளின் கதவு, வாயு, விசிறி மூன்றையும் ஒரு வலைப்பக்கத்தின் வழியாக இயக்குகிறோம். அதில் ஒவ்வோர் அறைக்கும் எதிரே 'காலி' என்று ஒரு கட்டம் உண்டு. கட்டத்தில் டிக் இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று பொருள். கதவு தானே மூடிக்கொண்டு வாயு போகும். டிக்கை எடுத்துவிட்டால் உள்ளே ஆள் இருக்கிறார். வாயு நிற்கும், கதவின் பிடி தளரும், விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சேமித்ததும், கணினி எடுத்துக்கொண்ட நிலை பக்கத்தில் 'காலி' என்றோ 'ஆள் உள்ளே' என்றோ வரும். இந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்த புரோகிராமர் பல வருடமாக எனக்கு வேலை செய்பவர், சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பவர். ஆரம்பத்தில் அவருடைய பக்கம் காலி என்றால் ஒன்று என்றும், ஆள் இருந்தால் பூஜ்ஜியம் என்றும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இருந்ததில்லை.

சென்ற வாரம் எங்களிடம் சரக்கு எடுக்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர், திரையின் மேலே அட்ரஸ் வரியில் ஒன்றும் பூஜ்ஜியமுமாக இருப்பது தனக்கு விளங்கவில்லை, வார்த்தையாக வேண்டும் என்று கேட்டார். நானும் சரி என்றேன். அதன்பின் புரோகிராமர் அதை மாற்றி, காலி என்றால் 'ட்ரூ', அதாவது மெய் என்றும், இல்லை என்றால் 'ஃபால்ஸ்', அதாவது பொய் என்றும் எழுத்தாகப் போகும்படி செய்தார். எல்லா அறைகளிலும் சோதித்துக் காட்டினார். கதவு மூடியது, வாயு போனது, எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றோம். அப்போது அறைகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. ஆளை உள்ளே விட்டு யாரும் சோதிக்கவில்லை. அப்படிச் சோதிக்கலாம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானே அவரைத் திட்டியிருப்பேன்.

அதன்பின் இன்று காலை மூன்றாம் அறையில் பழம் இளகுவதாகத் தெரிந்து, வாயு கசிகிறதா என்று பார்க்க என் மைத்துனர் போனார். கிடங்கின் இயந்திரங்கள் முழுக்க அவர் பொறுப்பு. கதவின் உட்புறம், அவசரத்துக்கு உள்ளிருந்தே திறக்கும் கைப்பிடியைச் சுற்றி ரப்பர் வெடித்திருப்பதைக் கண்டு, கைப்பிடியைக் கழற்றி ரப்பரை மாற்ற வேண்டும் என்றார். அறை அப்போது நிறுத்தத்தில் இருந்தது, அதாவது பக்கத்திலிருந்து அடுத்த கட்டளை போகும்வரை எதுவும் இயங்காது, கதவு திறந்து கிடந்தது. ஆபீஸில் கணினி முன்னால் என் மருமகள் இருந்தாள். என் மைத்துனர் வாசலில் நின்று, "ஏம்மா, மூணாம் நம்பருக்குள்ள போறேன், டிக்கை எடுத்துடு. அப்புறம் உங்க மாமனார் என்னையும் பழத்தோட சேத்து ஏத்துமதி பண்ணிடுவாரு" என்று சொன்னதும், அவள் சிரித்துக்கொண்டே "எடுத்தாச்சு" என்று சொன்னதும் எனக்குக் கேட்டன. நான் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் மூன்றாம் அறைக் கதவு உருளும் சத்தம் கேட்டது. மைத்துனர்தான் மூடிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அதன்பின் கதவுக்கு மேலே இருக்கும் சிவப்பு விளக்கு சுற்றத் தொடங்கியது. வாயு போகும்போது மட்டும்தான் அந்த விளக்கு சுற்றும்.

நான் ஓடிப்போய்க் கதவில் பதித்திருக்கும் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கதவுக்கு அருகே மண்டியிட்டிருந்தார். வாயுக் குழாயின் வாய் அவர் தலைக்கு மேலேயே இருந்தது. என்னைப் பார்த்ததும் கழற்றிய கைப்பிடியைத் தூக்கிக் காட்டி, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்பது போலக் கையை விரித்துச் சிரித்தார். அவர் பயந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அதன்பின் ஆபீஸுக்கு ஓடினேன். திரையில் மூன்றாம் அறைக்கு எதிரே 'காலி' என்று இருந்தது. நான் என் மருமகளைப் பார்த்து, "கண்ணை எங்க வச்சிருந்த? உள்ள ஆள் இருக்கான்!" என்று கத்தினேன். அவள் எழுந்து நின்று, "மாமா, நான் எடுத்தேன். சத்தியமா எடுத்தேன் மாமா" என்றாள். நான் அவளை நகர்த்திவிட்டு மவுஸை வாங்கி நானே டிக்கை எடுத்து, சேமி என்பதை அழுத்தினேன். பக்கம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வந்தது. 'காலி' என்றது. மறுபடி எடுத்து அழுத்தினேன். 'காலி' என்றது. எத்தனை முறை அழுத்தினேன் என்று சொல்ல முடியாது. உள்ளே ஆள் இருக்கிறார் என்று நான் சொல்லச் சொல்ல, இல்லை என்று அது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. என் மருமகள் எடுத்தேன் என்று சொன்னது உண்மை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்குள் பொருள் தூக்கும் வண்டியை ஓட்டுபவர், அவருக்குக் குரல் பெரிது என்பதால் நாங்கள் பீரங்கி என்று கூப்பிடுவோம், கரண்ட்டை மொத்தமாக அணைத்தார். கதவின் பிடிக்கும் வாயுவுக்கும் ஆபீஸ் கணினிக்கும் தனி பேட்டரி இருப்பதால் அதில் பயன் இல்லை. "பின்னால போய் வால்வை மூடுறேன், சாவி குடுங்க முதலாளி!" என்று கத்தினார். வால்வு அறைச் சாவி என் மைத்துனர் இடுப்பில் இருந்தது. அதன்பின் பீரங்கி கடப்பாரையை எடுத்துக்கொண்டு வால்வு அறைப் பூட்டை உடைக்கப் போனார்.

நான் கைபேசியில் புரோகிராமரை அழைத்தேன். எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். அதே சமயம் 'வீடு' என்று இன்னொரு அழைப்பு வந்து திரையில் ஒளிர்ந்தது. என் மனைவி தினமும் அந்த நேரத்தில் தம்பிக்கும் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு அனுப்பட்டுமா என்று கேட்பாள். அந்த அழைப்பை நான் வெட்டிவிட்டேன்.

புரோகிராமர், "சார், மவுஸை விடுங்க. மேல அட்ரஸ் வரி இருக்கு பாருங்க, கடைசியில சமக்குறி போட்டு ஃபால்ஸ்னு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அந்த வார்த்தையை அழிச்சிட்டு பூஜ்ஜியம் போட்டு என்டர் தட்டுங்க" என்றார். அவசரத்தில் பூஜ்ஜியம் இரண்டாக விழுந்தது, நான் கவனிக்காமல் தட்டினேன். 'காலி' என்று வந்தது. "இதுவும் காலின்னுதான்யா சொல்லுது!" என்றேன். "என்ன போட்டீங்க, படிங்க." "பூஜ்ஜியம், பூஜ்ஜியம்." "ரெண்டு போட்டா அது மெய்னு, அதாவது காலின்னு எடுத்துக்கும் சார். ஒண்ணே ஒண்ணு. ஒண்ணுதான் இருக்கான்னு பாத்துட்டுத் தட்டுங்க." நான் விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன். என் மருமகள் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, "ஒண்ணுதான் இருக்கு மாமா, தட்டுங்க" என்றாள். தட்டினேன். 'ஆள் உள்ளே' என்று வந்தது. வெளியே கதவின் பிடி தளரும் சத்தம் கேட்டது.

நாங்கள் கதவைத் தள்ளியபோது அவர் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கைப்பிடி மடியில் இருந்தது. உதடு கருநீலமாக இருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. நானும், பூட்டை விட்டுவிட்டு ஓடிவந்த பீரங்கியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், காலைப் பிடித்து இழுத்து முற்றத்தில் போட்டோம். பீரங்கி அவர் வாயில் வாய் வைத்து ஊதினார். அதன்பின் மைத்துனர் இருமினார். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் ஆம்புலன்சுக்கு நான் சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது. என் மருமகள் முன்பே சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த புரோகிராமரிடம் ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். அவருடைய நிரல், வருவது உண்மையான மெய்-பொய் மதிப்பா, இல்லை வெறும் எழுத்தா என்று முதலில் பார்க்கும். எழுத்தாக இருந்தால் அதை மெய்-பொய்யாக மாற்றிக்கொள்ளும். அப்படி மாற்றும்போது ஒன்றுமே எழுதாத வெற்றிடமும், ஒற்றைப் பூஜ்ஜியமும் மட்டும்தான் பொய். வேறு என்ன எழுத்து இருந்தாலும் அது மெய். 'ஃபால்ஸ்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று அது படிப்பதில்லை, எழுத்து இருக்கிறது என்பதோடு சரி. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல், கனத்தை மட்டும் வைத்துச் சரக்கு இருக்கிறது என்று எழுதிக்கொள்ளும் கணக்குப்பிள்ளை போல என்று நான் புரிந்துகொண்டேன். என் மருமகள் டிக்கை எடுத்து அனுப்பியதைத்தான் காலி என்று எடுத்துக்கொண்டு அது கதவை மூடியிருக்கிறது. அவள் அதைத் தொடாமல் விட்டிருந்தால் அறை நிறுத்தத்திலேயே இருந்திருக்கும்.

என் மருமகளின் கவனக்குறைவா என்று தாங்கள் கேட்டதற்கு: இல்லை. அவள் செய்ததையே நானும் செய்தேன், எனக்கும் அதே பதில்தான் வந்தது. புரோகிராமர் வேண்டுமென்று செய்தாரா என்று கேட்டதற்கு: அப்படி நான் நம்பவில்லை.

என் மைத்துனர் கண் விழித்துவிட்டார். ஞாபகத்தில் ஏதாவது பழுது இருக்கிறதா என்பது இனிமேல்தான் தெரியும் என்று டாக்டர் சொல்கிறார். வார்டுக் கதவைச் சாத்த வந்த நர்ஸிடம், "வேணாம்மா, தொறந்தே இருக்கட்டும்" என்றார். அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அதன்பின் என்னைப் பார்த்து, "மாமா, அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் சொல்லவில்லை. இங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

புரோகிராமர் மீது நான் புகார் கொடுக்கவில்லை. அதற்கு நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளையும் இதில் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன். இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னது எதுவும் இதில் இல்லை. நிபந்தனைகளாவன: காலி என்பதற்கு வைத்த அந்த ஒரே வார்த்தை எழுத்துப் பிசகாமல் வந்தால் மட்டுமே கதவு மூட வேண்டும், வேறு எது வந்தாலும், எதுவுமே வராவிட்டாலும், உள்ளே ஆள் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வால்வு அறைச் சாவி இனி உள்ளே போகிறவர் கையில் இருக்கக்கூடாது. திருத்தி முடித்ததும், வாயுக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வோர் அறையிலும் ஆளை உள்ளே நிறுத்திச் சோதிக்க வேண்டும். வெளியே டிக்கை எடுப்பவள் என் மருமகள், உள்ளே நிற்பவன் நான்.

(கையொப்பம்)