பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடிய பென்ஸ்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வெள்ளை ஜீப், ஐயா, மீட்டர் காட்டுவதைப்போல இரண்டு மடங்காவது ஓடியிருக்கிறது. உள்ளே வரும்போது பார்த்தேன். பிரேக் மிதியின் ரப்பர் மழுமழுவென்று ஆகிவிட்டது, ஓட்டுநர் பக்கத்துக் கதவு தொங்குகிறது. உங்கள் தலையில் கட்டியவன் யார் என்று கேட்கமாட்டேன். தேநீருக்கு நன்றி. இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டிருக்கலாம்.

அபு தைசீர் என்றால் அம்மானில் பழைய கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். முப்பத்தோரு வருடங்களாக வெள்ளிக்கிழமைச் சந்தையில் எனக்கு ஒரே வேலை. யாராவது ஒரு கிழட்டுக் காரைக் கொண்டுவந்து இது இவ்வளவுதான் ஓடியது என்பார்கள். மெய்யா பொய்யா என்று நான் சொல்லவேண்டும். மீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பேன், அது சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். சாவியின் பல், இருக்கையின் ஸ்பிரிங், ஸ்டியரிங்கில் கை படுகிற இடத்துப் பளபளப்பு, இவற்றுக்குப் பொய் சொல்ல வராது. பார்த்து முடித்ததும் காரின் பானெட் மேல் ஒரு சின்னக் கோப்பையில் ஏலக்காய்க் காப்பி வைப்பார்கள். கார் மெய் என்றால் குடிப்பேன். பொய் என்றால் தொடாமல் போய்விடுவேன். பெண் கேட்டுப் போகிற பெரியவர்கள், கேட்டது கிடைக்கும்வரை காப்பியைக் குடிக்காமல் வைத்திருப்பார்கள் அல்லவா, அந்த வழக்கத்தைத்தான் காருக்குக் கொண்டுவந்தேன். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கோப்பை காலியானால் போதும், வேறு காகிதம் கேட்கமாட்டார்கள்.

ஜூன் கடைசியில் அந்தப் பச்சை பென்ஸ் வந்தது. 1976ஆம் வருடத்து வண்டி, மீட்டரில் பதினோராயிரத்துச் சொச்சம். இறந்துபோன ஒரு மருந்து வியாபாரியின் வீட்டுக் கொட்டகையில் நின்றதாம். ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இருக்கையில் ஒரு சுருக்கம் இல்லை. மிதி ரப்பரின் வரிகள் அப்படியே இருந்தன. டயர்கூட அந்தக் காலத்துக் கம்பெனி, அந்தக் காலத்து வார்ப்பு. இருநூறு பேர் பார்க்கக் காப்பியை ஒரே மிடறில் குடித்தேன். கைதட்டினார்கள். பல் டாக்டர் ஷிப்லி அங்கேயே வாங்கிக்கொண்டார். சில்லறை வேலைகளுக்காகக் கார் என் முற்றத்துக்கு வந்தது. சந்தோஷமான நாள், ஐயா.

அடுத்த செவ்வாய்க்கிழமை முற்பகலில் அபு கலஃப் வந்தார். எழுபது தாண்டிய மனிதர், அந்த மருந்து வியாபாரியிடம் இருபத்தாறு வருடம் கார் ஓட்டியவர். பென்ஸின் கூரையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார்.

"பதினோராயிரமா? அட போப்பா. பாக்தாத்துக்கே இதுல நாப்பது தடவ போயிருக்கேன்."

"மீட்டர் அப்படிச் சொல்லலியே."

"முதலாளி மீட்டர் கேபிளக் கழட்டிப் போடச் சொல்லிட்டாரு. விக்கிறப்ப நல்ல விலைக்குப் போகுமாம். மனுசன் விக்காமலே போய்ச் சேந்துட்டாரு. சீட்டு மேல ஆட்டுத்தோலு, மிதிக்கு மாத்து ரப்பரு, எல்லாம் நம்ம கைவேலை. உன்னையே ஏமாத்திப்புட்டேன் பாத்தியா, அபு தைசீரு."

நானும் சிரித்தேன். நல்ல வேலை என்றால் யார் செய்தாலும் பாராட்டுகிறவன் நான். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கியவர் குடிக்காமல் கோப்பையை பானெட் மேல் வைத்தார்.

"வர்ற வெள்ளிக்கிழம, அதே கூட்டத்துக்கு முன்னால, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. அப்புறம் குடிக்கிறேன். அந்த டாக்டரு புள்ளகுட்டியோட போறவரு, பாவம். டயரெல்லாம் ரெண்டாயிரத்து மூணுல நான் போட்டது. பேருதான் பழைய பேரு. வெயில்ல நின்னு உள்ளுக்குள்ள செத்துப்போயிருக்கும், அதயும் மாத்தச் சொல்லணும்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயம் வந்தது, அதை மறைக்கவில்லை. ஒரு கோப்பை தப்பென்றால் முப்பத்தோரு வருடத்துக் கோப்பைகளும் தப்பாகிவிடும். அதற்குப் பிறகு நான் சந்தையில் கேலிப்பொருள்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பிறகு கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"குடி, அபு கலஃப். கேட்டது கிடைச்சாச்சு."

அந்த வார்த்தை கேட்டபிறகு நம்மில் யாரும் சந்தேகப்படுவதில்லை. அவரும் குடித்தார்.

"ஆனா மொதல்ல டாக்டர்கிட்ட நேர்ல சொல்லிடுவோம்," என்றேன். "கீழ சாக்கடல் பக்கம், ஷூனா ஊர்ல தன் தோட்டத்துல இருக்காரு. பென்ஸ நீயே ஓட்டிட்டு வா. நான் பிக்கப்புல பின்னாலயே வர்றேன்."

"நெசமாவா சொல்ற? இதுல கை வச்சு இருபது வருசமாச்சுப்பா." கழுத்துத் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஜூலை மாத மதியம், தார் இளகிக் கிடந்தது. அம்மானிலிருந்து சாக்கடல் பக்கம் போகிற ரோடு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் காத்திருக்கிறார், கொஞ்சம் விரட்டிப் போ என்று கிளம்பும்போது சொல்லியிருந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டே போனார். மதிய விருந்துக்குப் போகிறவர் போலிருந்தார். பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

என் எண்ணம் நியாயமானது. அவர் சொன்னது மெய்யென்றால் டயர் அவ்வளவு பழசில்லை, அவர் பத்திரமாக இறங்குவார், வெள்ளிக்கிழமை நான் மன்னிப்புக் கேட்பேன். நான் சொன்னது மெய்யென்றால் அது காரோடு வந்த டயர், தாங்காது. இரண்டு கிழவர்கள் சண்டை போடுவானேன், காரே சொல்லட்டும் என்று விட்டேன்.

கடல்மட்டம் இதுதான் என்று எழுதிய பலகையைத் தாண்டிய வளைவில் கார் சொன்னது. முன்பக்க இடது டயர் வெடித்து, வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. நான் பிக்கப்பை ஓரமாக நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டுவிட்டு இறங்கிப்போனேன். முதலில் டயரைப் பார்த்தேன், பிறகு அவரை. தண்ணீர் கேட்டார். என்னிடம் ஒரு பாட்டில் இருந்தது, கொடுத்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸுக்கு உடனே போன் செய்திருக்கலாம்தான். அவர் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தேன். கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நல்ல மனிதர்.

வெள்ளிக்கிழமை சந்தையில் அவருக்காகப் பிரார்த்தனை செய்தோம். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். காரோடு வந்த டயராக இல்லாவிட்டால் வெடித்திருக்குமா என்றேன். கூட்டம் தலையாட்டியது. எனக்கு ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்தார்கள்.

சரி, இந்த டயர்த்துண்டை ஏன் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. டயரின் பக்கத்தில் அது தயாரான வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். 1903. பத்தொன்பதாவது வாரம், 2003. நான் அதிர்ந்துபோவேன் என்று பார்த்தீர்கள் போலிருக்கிறது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன் என்றேனே, ஐயா, அப்போதே குனிந்து படித்துவிட்டேன். படித்த பிறகுதான் கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மெய் என்று தெரிந்துதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கீழே ஒரு வரி சேர்க்கவேண்டும். இந்த டயர் பாதி ரோட்டுக்குமேல் தாங்காது என்று கணித்தேன், தாங்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில் அபு தைசீர் ஒரு காரைப் பற்றித் தப்பாகச் சொன்னதே கிடையாது.