எஞ்சினுக்கு முப்பத்தி நாலு டிகிரி

இல்லண்ணா, நீங்க மெக்கானிக்கு, உங்களுக்குத் தெரியாததா... ஆனா நீங்க மாட்டின ஆயில் சூட்டு மீட்டர் பொய் சொல்லுது! வீட்டுல கிளம்பினப்ப முப்பத்தி நாலு டிகிரி. மேட்டு ரோட்டுல ரெண்டாவது கியர்ல முக்கி முனகி ஏறினப்பவும் முப்பத்தி நாலு. என் புள்ளைக்கே முப்பத்தேழு இருக்கும்ணா. அப்ப என்ன, எஞ்சின விட இவன் சூடா?

எங்க கான்வென்ட்ல பொய் சொன்னா சிஸ்டர் முட்டி போட வைப்பாங்க. இந்த மீட்டரக் கொண்டுபோய் அங்க விடணும்.

உஷ்... மெதுவாப் பேசறேன், இப்பத்தான் தூங்கினான். வண்டி ஓடினாத் தூங்குவான், நின்னா முழிச்சுக்குவான். அப்படியே அவங்கப்பா. அந்த மனுஷன் எனக்குப் பாடம் எடுத்துட்டுத்தான் வெளியூர் போயிருக்கார். "டேஷ்போர்டு முள்ளு காட்டறது தண்ணியோட சூடு, அத நம்பாத. ஆயில் சூட்ட ஆயிலுக்குள்ள முக்கித்தான் அளக்கணும். நூத்தி இருபது தாண்டினா ஓரங்கட்டு." தாண்டினாத்தானே! நாளைக்கு இவனுக்குத் தடுப்பூசி. அதே மேடு. நானும் இவனும் மட்டும். நடுவழியில எஞ்சின் ஜாமாயி நின்னுட்டா... கண்ண மூடினா அதான் வருது.

சரி, பானெட்டத் திறங்க. அந்த மீட்டர் ஒயரப் புடிச்சுக்கிட்டே போங்க, ஆயில்லதான் முடியும். ...ஏன் சிரிக்கறீங்க? என்ன மூடி அது? ...கண்ணாடி கழுவற தண்ணியா?

ஐயோ.

யாரு மாத்தினதுன்னா... நான்தான். போன வாரம் உருவினேன். இவன் குளிக்கற தண்ணியோட சூடு பாக்க. மூஞ்சிய அப்படி வைக்காதீங்க, மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவினேன்! குளிக்கிற தொட்டிய வண்டிப் பக்கத்துலயே கொண்டுவந்து வெச்சு, ஒயர் நுனிய முக்கிட்டு, ஓடிப்போய் உள்ள சாவியத் திருப்பி மீட்டரப் பாத்து... திருப்பி வைக்கறப்ப எந்த ஓட்டைன்னு ஞாபகம் இல்ல. இதுல சுலபமா இறங்குச்சு.

கையை விட்டுப் பாத்தாத் தெரியாதான்னு என் மாமியாரும்தான் கேட்டாங்க. தெரியலண்ணா. இவன் பொறந்ததுலேருந்து பயத்துல என் கை ஜில்லுன்னே இருக்கு. எந்தத் தண்ணியத் தொட்டாலும் கொதிக்கற மாதிரியே இருக்கு.

ஆமா, ஆயில்லயே போட்டுடுங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க... அப்புறம், அண்ணா, இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா? இல்லல்ல, வண்டிக்கில்ல.