சத்தமாகப் பேசத் தெரியாத குழந்தை

எங்கள் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறு வருஷம், சமபுலா போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் சின்ன மகளோடு இருந்தார்கள். யாருக்கும் புரியாதென்று தமிழில் பேசினார்கள்.

“பாப்பாவுக்குச் சத்தமாப் பேசவே தெரியலீங்க.”

“யாரு சொன்னா?”

“யூனிவர்சிட்டியில புள்ளைங்க மூளை வளர்றதை ஆராய்ச்சி பண்ற அம்மா. வீட்டுல எல்லாரும் ரகசியமாத்தான் பேசுவீங்களான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“சோல்ஜருக்குப் பயந்துன்னு சொல்ல முடியுமா? சளின்னேன்.”

“நாளைக்கு கனடா விசாவுக்கு டாக்டர் செக் பண்ணுவாரு. பேச்சு வரலைன்னு எழுதிட்டா போகவே முடியாது. பாப்பா, உன் பேரைச் சத்தமாச் சொல்லு.”

அப்போது சாலைத் தடுப்பில் பஸ் நின்றது. துப்பாக்கியுடன் ஒரு சிப்பாய் ஏறினான். குழந்தை பெரிதாக வாயைத் திறந்தது. அப்பாவே அதைப் பொத்தினார்.