பேசறவங்க கேமரா

...வேணாங்க்கா, அத மட்டும் வாங்கிடாதீங்க! அந்தப் பெட்டிய அப்படியே கீழ வெச்சிடுங்க. நான் சொல்றேன்ல? அதே கேமராதான், அதே கறுப்புப் பெட்டி, மேல அதே பல்லக் காட்டற பொண்ணு படம். வாங்கி ஏழு நாளு ஆச்சு. வீடியோவ முழுங்குதுக்கா! சத்தியமா. நாப்பது நிமிஷம் எடுத்தேன், மூணு நிமிஷத்தத் துப்புது. மிச்சம் முப்பத்தேழு நிமிஷம் எங்க போச்சு? அதான் கொண்டாந்து குடுத்திருக்கேன். அந்தா, கவுன்ட்டர்ல கண்ணாடி போட்டவரு திருப்பித் திருப்பிப் பாக்கறாரே, அது என்னோடதுதான். "உக்காருங்கம்மா, கூப்புடறேன்"னாரு. உக்காந்துக்கிட்டே இருக்கேன்.

நீங்களும் உக்காருங்கக்கா. சாப்பாட்டு நேரம், பில் போடறவங்க வர இன்னும் நேரமாகும்... ஏய் வாண்டு, விடுடி! பை வார வாய்ல வெக்காத! தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, இதுக்குப் பல்லு மொளைக்குது. கெடைக்கறதெல்லாம் கடிக்குது. நேத்து டிவி ரிமோட்டு. முந்தாநேத்து அவங்கப்பா மூக்கு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ம்... மணி என்னக்கா இப்ப? ஒண்ணே காலா? அய்யய்யோ. மூணு மணிக்குள்ள அனுப்பலேன்னா முடிஞ்சுது.

இல்லக்கா, யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. தையலு. நான் தெப்பேன். வீட்ல ஜன்னலோரமா மெஷின் போட்டிருக்கு. ஃபோன்லயே தையல் சொல்லித் தர்ற டீச்சரக்கா ஒருத்தங்க இருக்காங்க. நேர்ல பாத்ததே இல்ல, கொரலு மட்டுந்தான். நானும் அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். இப்ப அவங்களுக்குக் கூட்டம் சேந்துபோச்சு. சட்டைக் காலருக்கு மட்டும் தனியா ஒரு டீச்சர் போடணுமாம். "நீ தெக்கற காலர் கத்தி மாதிரி நிக்குது, மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு"ன்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவ ஸ்கூல்ல சேரும்போது ஒரு காகிதம் தருவாங்களாமே, அதுல அம்மா என்ன வேலைன்னு ஒரு கோடு போட்டிருக்குமாமே... எங்கம்மா பேருக்கு நேரா அந்தக் கோடு வெறுமனேதான் இருந்துச்சு. நான் ஏழாவதோட நின்னவ. எனக்கும் வெறும் கோடுதான்னு இருந்தேன். அதுல "டீச்சர்"னு எழுதலாம்னா, விடுவேனா?

சிரிக்காதீங்கக்கா. நான் இப்படிப் பேசறவளே இல்ல. எங்க வீட்ல கேட்டுப் பாருங்க. எம் மாமியாரு என்ன "ஊமைக்கோட்டான்"னுதான் கூப்புடும். கோவத்துல இல்ல, செல்லமா. தெரிஞ்சவங்க முன்னாடிதான் எனக்கு வாய் ஒட்டிக்கும். உங்கள நாளைக்கு நான் பாக்கவா போறேன்?

சரி, கேமராவுக்கு வரேன். வாங்கற அன்னிக்கே மூணு பேரு மூணு பக்கம் இழுத்தாங்க. எங்க வீட்டுக்காரருக்கு லென்ஸக் கழட்டி மாட்டற பெரிய கேமராதான் வேணும். கழுத்துல தொங்கவிட்டா மதிப்பா இருக்குமாம். ஏங்க, நான் காலர் தெக்கணுமா, கழுத்துல தொங்கவிடணுமா? என் கொழுந்தன் என்னடான்னா, "அண்ணி, ஃபோனே போதும், மிச்சத்த ஏஐ பாத்துக்கும்"ங்கறான். அவனுக்கு எல்லாத்துக்கும் ஏஐதான். சட்டைய அயர்ன் பண்ணக்கூட ஏஐ வரும்னு காத்துக்கிட்டிருக்கான், அதுவரைக்கும் நான் பண்ணிக் குடுக்கறேன்.

இதே கண்ணாடிக்காரருதான் அன்னிக்கும் இருந்தாரு. "என்ன எடுக்கப் போறீங்கம்மா?"ன்னாரு. எங்க வீட்டுக்காரரு, "நீதானே எடுக்கப் போற, நீயே சொல்லு"ன்னுட்டு ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டாரு. என்னத்த சொல்ல! கண்ணாடிக்காரரே ஒண்ணொண்ணாக் கேட்டாரு. "வீட்டுக்குள்ளயா?" ம். "நீங்களே தனியா எடுப்பீங்களா?" ம். "மொகத்தப் பாத்துப் பேசிக்கிட்டே எடுக்கறதுக்கா?" ...அதுக்கும் ம். "வெளிய நடந்துக்கிட்டே பேசற மாதிரியும்?" அதுக்குந்தான். ஒருத்தரு இவ்வளவு மரியாதையாக் கேக்கும்போது எப்படிக்கா இல்லேங்கறது? அவரு சந்தோஷமா இந்தப் பெட்டிய எடுத்து நீட்டிட்டாரு.

வீட்டுக்குப் போயித் தொறக்கறேன், அந்தக் குட்டி ஸ்க்ரீனு அப்படியே திரும்பி என் மொகத்தையே காட்டுது! பட்டுனு மூடிட்டேன். மைக்குக்குப் பூனை வாலு மாதிரி மயிரோட ஒரு தொப்பி வேற. அது பேசறவங்க கேமராவாம்க்கா. மொகம் எங்க இருக்கோ அங்கதான் பார்வை வெக்குமாம். நான் காட்டறது கைய. மெஷினுக்குப் பின்னாடி பட்டன் போட்டு வெக்கற பால்பவுடர் டின்னு இருக்கு, அதுல ஒரு கொழந்த சிரிக்கும். என் கை மஞ்சுமூட்டமாட்டம் தெரியுது, டின்னுக் கொழந்தைக்கு ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது! சரின்னு டின்ன செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சேன். இவ மேசைக்கு அடியிலேர்ந்து தலைய நீட்டறா... பார்வை இவகிட்டப் போயிருச்சு. இவளத் தூக்கி மாமியார்கிட்டக் குடுத்துட்டு, ஒரே மூச்சுல நாப்பது நிமிஷம், காலர் வெட்டறதுலேர்ந்து சட்டையில ஏத்தறது வரைக்கும் எடுத்து முடிச்சேன். பாடமா ஒரு வார்த்த சொல்லல. கை மட்டுந்தான்.

அப்பறம் கொழுந்தன் வந்தான் ஏஐயத் தூக்கிக்கிட்டு. என் ஃபோன்ல ஒரு ஆப்ப ஏத்தி, "அண்ணி, வீடியோவ இதுல போட்டா அதுவே அழகாக்கிடும்"னான். அழகாக்குச்சு பாருங்க! தூசி, கீறலெல்லாம் தொடைக்குதுன்னு, துணியில இருந்த வெள்ள நூலத் தொடைச்சிருச்சு. தையலே இல்லாம துணி தானா ஒட்டிக்குது! பேய்ப் படமாட்டம் இருக்கு. அத வேணாம்னு எடுத்தோம். அப்பறம், "நீங்க பேச வேணாம் அண்ணி, எழுதிக் குடுங்க, அதுவே பேசும்"னான். எழுத்துக் கூட்டிக் கூட்டி நாலு வரி எழுதினேன். ஒரு ஆம்பளக் கொரலு வந்துச்சு. "காலரின் முனையை இப்போது இழுக்கவும்"... புயல் வருது, யாரும் வெளிய போகாதீங்கங்கற மாதிரி. எம் மாமியாரு அடுப்படியிலேர்ந்து ஓடியாந்து டிவிய அணைக்கச் சொல்லுச்சு. பொம்பளக் கொரலா மாத்தினா, அது ஒரே குழைவு. ஆனா அதுக்கு என் கை எங்க நிக்குதுன்னு தெரியாதேக்கா! ஊசி இன்னும் முனைக்கே வரல, அது "இழுங்கள்"ங்குது. அந்நேரம் இழுத்தா நூலு கையோட வந்துரும். அதையும் எடுத்துட்டோம்.

கடைசியில ஒண்ணும் வேணாம், வீடியோவ சும்மா அனுப்பிடலாம்னு நானே அந்த ஆப்புலேர்ந்து டீச்சரக்காவுக்கு அனுப்பிச்சேன். அது போறப்ப என்னவோ கேட்டுச்சு, சரின்னு அமுக்கினேன். அரை மணியில அவங்ககிட்டேர்ந்து கொரல் வருது, சிரிப்பு தாங்கல அவங்களுக்கு. "கண்ணு, உங்க வீட்ல எல்லாரும் நல்லாப் பேசறாங்க. காலர் எங்க?"ங்கறாங்க.

போட்டுப் பாக்கறேன், மூணே நிமிஷம்! மாமியாரு, "ஏய், பால் பொங்குது"ங்குது. எங்க வீட்டுக்காரரு, "என் சாக்ஸ்ல ஒண்ணக் காணோம்"ங்கறாரு. இந்த வாண்டு வீல்னு கத்துது. தெருவுல ஒரு ஆளு, பழைய பேப்பரு பழைய இரும்புன்னு கூவறாரு. மறுபடி இவரு, "கெடச்சிருச்சு, கால்லயே இருந்துச்சு"ங்கறாரு. நடுவுல என் கொரலு, "ம், வரேன்"னு. அவ்வளவுதான்! என் கை அங்கங்க ஒரு துணுக்கு வந்து போகுது, காலர் தெக்கற எடம் ஒண்ணுகூட இல்ல. டீச்சரக்கா அப்பறம் சிரிக்காமச் சொன்னாங்க: "நாளைக்கு மூணு மணிக்குள்ள காலரு வரணும். அதுல நீ வாயத் தொறந்து சொல்லித் தரணும். கையப் பாத்து மட்டும் யாரு கத்துக்குவா? இல்லேன்னா இன்னொருத்தி கேக்கறா, அவளுக்குக் குடுத்துருவேன்." ராத்திரி இவருகிட்ட கேமரா கெட்டுப்போச்சுன்னு ஒரு பாட்டம் அழுதேன். "மாத்திக்கிட்டு வா, கடையில குடுத்த கெடு நாளையோட முடியுது"ன்னாரு. வந்துட்டேன்.

இதப் பாருங்க, அந்தக் காலரு இதுதான். கையோட கொண்டாந்தேன். வெள்ளைதானே இது? கேமராவுல லேசா நீலமாத் தெரியுது, அதையும் கேக்கணும்... ஆங்? முனையா? நல்லாருக்கா? தொட்டுப் பாருங்க, குத்தும்! கத்தரிக்கோல் நுனிய உள்ள விட்டு நெம்பறதெல்லாம் இல்லக்கா, அது துணியக் கிழிச்சுரும். ஒரே ஒரு நூலு போதும். ரெண்டு துணியையும் நல்ல பக்கம் உள்ள இருக்கற மாதிரி வெச்சுத் தெச்சுக்கிட்டே வர்றீங்களா? முனை வந்ததும் ஊசிய எறக்கி அப்படியே நிறுத்திடணும். இப்ப ஒரு மொழ நீளத்துக்கு நூல எடுத்து, ரெண்டு துணிக்கும் நடுவுல விட்டு, அந்த ஊசியச் சுத்திக் கொண்டாந்து, ரெண்டு நுனியையும் உள்பக்கமாப் படுக்க வெக்கணும். அப்பறம் திருப்பித் தெச்சுட்டுப் போயிரலாம். தையலு அந்த நூலப் புடிச்சிக்கும். மூலையில இருக்கற அதிகத் துணிய வெட்டிட்டு, காலரத் திருப்பி, நூல் நுனி ரெண்டையும் சேத்துப் புடிச்சு மெதுவா இழுத்தா... டக்! முனை வெளிய வந்து நிக்கும். அப்பறம் ஒரு நுனிய மட்டும் இழுத்தா நூலு உருவிக்கிட்டு வந்துரும். அவ்வளவுதான். புரிஞ்சுதா? ஊசிய எறக்காம நூல வெச்சா மட்டும் முனை மொண்ணையாயிரும், அத மறந்துராதீங்க.

கூப்புடறாரு! அக்கா, இவளக் கொஞ்சம் புடிச்சுக்குங்களேன். ரெண்டே நிமிஷம். கையில சாவி குடுத்துடாதீங்க, முழுங்கிடுவா...

*

அக்கா.

நாப்பது நிமிஷமும் இருக்குக்கா. கார்டுல அப்படியே இருக்கு, ஒரு நொடி கொறையல. அந்தப் பெரிய டிவில போட்டுக் காட்டினாரு. கேமரா ஒண்ணையும் முழுங்கல. "வேற எதுலயாவது போட்டீங்களாம்மா?"ன்னாரு. ஆப்ப எடுத்துக் காட்டினேன். "அனுப்பும்போது இது ஏதாவது கேட்டுச்சா?"ன்னாரு. கேட்டுச்சுதான். அவரு அந்த எடத்த அமுக்கிப் படிச்சுக் காட்டினாரு, "பேச்சு இல்லாத எடத்தையெல்லாம் எடுத்துடலாமா?"ன்னு. நான் சரின்னு அமுக்கினேன். யாரு எது கேட்டாலும் சரிங்கறதே பழக்கமாப் போச்சே! அது என்னக்கா பண்ணும் பாவம்? வீட்ல பேசினவங்கள வெச்சிக்கிட்டு, பேசாத என்ன எடுத்துடுச்சு. நானே என்னத் தொடைச்சிருக்கேன்! கேமராவ என்ன திட்டு திட்டினேன்...

அவரு நல்ல மனுஷன், சிரிக்கல. சிரிப்ப அடக்கினாரு, அது வேற. "வேணும்னா மாத்தித் தரேன், கைய மட்டும் எடுக்கறதுக்கு வேற மாடல் இருக்கு. மொகத்தத் தேடாது"ன்னாரு. ம்னு சொல்ல வாயெடுத்துட்டேன்க்கா. ஆனா எந்தக் கேமரா வாங்கினாலும் டீச்சரக்கா கேக்கறது வாயத்தானே? கை வீடியோ இருக்கு. அது மேல கொரல ஒட்டிக்கலாமாம். கொரலுதான் இல்ல.

என்னது? இப்ப உங்ககிட்டச் சொன்னதையா? அது உங்களுக்குச் சொன்னதுக்கா! நீங்க ம் ம்னு கேட்டீங்க, மூஞ்சியச் சுளிச்சப்போ எடம் புரியலன்னு தெரிஞ்சுது, நான் இன்னொரு வாட்டி சொன்னேன். கேமரா ம் கொட்டுமா? ஏஐதான் கொட்டுமா? அது முழிச்சிக்கிட்டு நிக்கும், நானும் முழிச்சிக்கிட்டு நிப்பேன்...

...

அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு அவசரமா? எந்திரிக்காதீங்க எந்திரிக்காதீங்க! தூங்கிட்டா பாருங்க உங்க மடியில. இப்ப அசைஞ்சீங்கன்னா முழிச்சு ஊரையே கூட்டிருவா. மணி ஒண்ணே முக்கால்தான்.

அண்ணே! கண்ணாடி அண்ணே! மாத்த வேணாம், இதே இருக்கட்டும். அந்தக் கேமராவ இப்படிக் கொண்டாங்க, இந்தக்கா தோளுக்குப் பக்கத்துல, அந்த ஸ்டூலு மேல வைங்க. ஸ்க்ரீனத் திருப்பாதீங்க, என் மொகம் எனக்கு வேணாம். அந்தப் பூனை வாலையும் மாட்டிடுங்க, கொரலு மட்டும் விழுந்தாப் போதும். டிவில என் கைய மொதல்லேர்ந்து ஓடவிடுங்க.

நாப்பதே நிமிஷந்தான்க்கா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். கேமராவ நான் பாக்கப் போறதில்ல, உங்களத்தான் பாக்கப் போறேன். புரியலேன்னா அப்பப்ப மூஞ்சியச் சுளிங்க. சுளிக்கறது அதுல வராது, பயப்படாதீங்க.

ஓடுதாண்ணே? சரி. இருங்க.

அக்கா, மொதல்ல துணிய நாலா மடிச்சு இப்படி வைக்கணும். மடிப்பு உங்க பக்கம் இருக்கட்டும்...

ம் சொல்லுங்கக்கா!