பின்பக்கமாகச் சுற்றிய மெஷின்

கூலாய் நகருக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில், தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“எங்க வீட்டுப் பட்டறையில மரம் அறுக்கிற மெஷின் பின்பக்கமா சுத்துச்சுக்கா.”

“அலமாக்! சோலார்ல ஓட்டுறதா?”

“ஆமா. வயர்மேன் மூணு இன்வர்ட்டரைச் சேர்த்து திரீ பேஸ் ஆக்கிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. சுவிட்ச தட்டினா தலைகீழா சுத்துது. பூஜை போடாததாலதான்னு எங்க வீட்டுக்காரரு எலுமிச்சம்பழம் வாங்க ஓடிட்டாரு.”

“நீ என்ன செஞ்ச?”

“கரண்டை அடைச்சுட்டு, மெஷினுக்குப் போற மூணு வயர்ல ரெண்டை இடம் மாத்திப் போட்டேன், அப்படிப் போட்டா சுத்துற திசை மாறிடும். அவரு வந்து பழத்தை நசுக்கிட்டு சுவிட்ச தட்டினாரு, மெஷின் ஒழுங்கா சுத்துச்சு. கையெடுத்துக் கும்பிட்டாரு.”

“உண்மையைச் சொல்லிடு லா.”

“சொன்னா, அடுத்த தடவ பழம் வாங்கப் போமாட்டாருக்கா. வயர்ல கை வைப்பாரு.”