பின்னட்டையில் எழுதிய வாசகி

காதல் நாவல் படிக்கிறவர்களுக்குப் புத்தகத்தை விட அதைப் பற்றிப் பேசுவதில்தான் ருசி, மேடம். இருபது வருஷமாக வாடகை நூலகம் நடத்துகிறவள் சொல்கிறேன், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். கதையைப் படிக்க இரண்டு நாள் போதும். கதாநாயகனைக் குறை சொல்ல இரண்டு வாரம் வேண்டும்.

அதனால்தான் அந்தத் தாளை ஒட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் உள்பக்கமாகக் கோடு போட்ட தாள் ஒன்று. படித்து முடித்தவர்கள் நாயகனையும் நாயகியையும் பற்றி மனசில் பட்டதை எழுதலாம். பெயர் போடக் கூடாது. பெயர் எதற்கு, கையெழுத்துதான் இருக்கிறதே. எங்கள் நாலு மாடிக் கட்டடத்தில் யார் எழுதியது என்று ஒரு வரியிலேயே சொல்லிவிடுவேன். மூன்றாவது மாடி நர்ஸ் மருந்துச் சீட்டு மாதிரி எழுதுவாள்: "நாயகி அழுகை அதிகம். பாதியாகக் குறைக்கவும்." எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், மனைவிக்கு என்று சொல்லித்தான் எடுத்துப்போவார். "முத்தம் கொடுக்கும் அவசரத்தில் நாயகன் ஹேண்ட் பிரேக் போடவில்லை" என்று எழுதுவது மனைவியா என்ன. எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை அந்தத் தாள்களில் தெரிந்துவிடும். நான் துருவுகிறவள் இல்லை. கண்ணில் படுவதைப் பார்க்காமல் இருக்க முடியுமா.

தையல்காரி போன வருஷம் குடி வந்தாள். மூன்றாவது மாடி, படியேறினதும் இடது பக்கம். முப்பது வயசு இருக்கும். வீட்டிலேயே தைப்பாள், வெளியே வருவது அபூர்வம். வாரத்துக்கு இரண்டு நாவல் நான்தான் மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன். கதவைத் தட்டினால் தையல் மெஷின் சட்டென்று நின்றுவிடும். அதற்கப்புறம் உள்ளே மூச்சுவிடும் சத்தம்கூட இருக்காது. "நான்தாம்மா, கீழ் வீட்டு அக்கா" என்று சொன்ன பிறகுதான் மூன்று தாழ்ப்பாளும் ஒவ்வொன்றாக விலகும். நாற்காலியைக் கதவைப் பார்த்துப் போட்டிருப்பாள். பெரிய கத்தரிக்கோல் மேஜையில் இருக்காது, மடியில் இருக்கும். வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு. வீட்டில் ஆம்பளை கிடையாது. செருப்பு வாங்கினதே வாசலில் போடுவதற்காகத்தான்.

அவளே சொன்னாள். "அக்கா, அவரும் நானும் சேர்ந்து தையல் கடை வெச்சிருந்தோம். ஒருநாள் ராத்திரியோட ராத்திரியா கிளம்பி வந்துட்டேன். என்னைக் கேட்டு யாராவது வந்தா, இங்க அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிடுங்க. உங்க காலைக் கூடப் பிடிக்கறேன்." பேசும்போதே அவள் பார்வை என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டில் இருந்தது. "அட, நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்" என்றேன். அப்போது சொல்லும் எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை.

முதலில் அவள் எழுதியதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. "கல்யாண உடைக்குப் பதினெட்டுப் பொத்தான் என்கிறார்கள். ஒரே இழுப்பில் எப்படிக் கழன்றது? தைத்தவளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்." கட்டடமே சிரித்தது. அப்புறம் ஒரு நாவல். அதில் நாயகியைத் தேடி நாயகன் ஊர் ஊராக வருவான். அவள் வேலை செய்யும் இடத்துக்கு எதிரே மூன்று நாள் மழையில் நிற்பான். எங்கள் நூலகத்திலேயே அதிகம் கிழிந்து, அதிகம் ஒட்டப்பட்ட புத்தகம் அது. நானே பதினோரு தடவை படித்திருக்கிறேன். அதன் தாளில் அவள் எழுதினாள்: "மூன்று நாளும் அவளுக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது. பின்பக்கம் வழி உண்டா என்று பார்த்திருப்பாள். இது காதல் இல்லை. எழுதியவருக்கு அது தெரியவில்லை. அவன் நல்லவனா என்று அவளிடம் யாருமே கேட்கவில்லை."

அந்த ஐந்து வரி என்ன செய்தது தெரியுமா, மேடம். நர்ஸ் கீழே எழுதினாள்: "மேலே உள்ளது சரி. எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது." மாஸ்டரின் மனைவி முதல் தடவையாகச் சொந்தக் கையால் எழுதினாள்: "நானும்." ஒரே மாசத்தில் அந்த மாதிரி நாயகன் வரும் புத்தகங்கள் அலமாரியை விட்டு நகரவில்லை. "அக்கா, துரத்தாத ஹீரோ யாராவது இருந்தா கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். இருபது வருஷமாக நான் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து வைத்த நாயகர்கள். ஒரு வாசகி வந்து அத்தனை பேரையும் குற்றவாளிகளாக்கிவிட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபக்காரி இப்படி நிதானமாக உட்கார்ந்து பேசுவாளா. அவளுக்குத் தெரியவில்லை, தெரியவைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு வாசகியின் கருத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அவள் திருப்பிக் கொடுத்த புத்தகம் ஒன்றில் அடையாளத்துக்கு ஒரு சீட்டு வைத்திருந்தாள். பழைய கடையின் அளவுச் சீட்டு. கழுத்து இவ்வளவு, கை இவ்வளவு என்று அவள் எழுத்து, மேலே அச்சில் கடையின் விலாசம். அந்த விலாசத்துக்கு நான் கடிதம் எழுதவில்லை. கடிதம் எழுதினால் அது வேறு விஷயம். ஒரு நாவலை மட்டும் தபாலில் அனுப்பினேன். மழையில் நிற்கிற நாயகன் வரும் அந்த நாவல். முதல் பக்கத்தில் எங்கள் நூலக முத்திரை, விலாசத்தோடு. பின்னட்டையில் அவள் கையெழுத்து.

ஒன்பதாம் நாள் அவர் வந்தார். வெளுத்துத் தேய்த்த சட்டை. தையல்காரர் இல்லையா, ஒரு சுருக்கம் கிடையாது. மத்தியானம் மூன்று மணி, கடையில் வேறு யாரும் இல்லை. "அக்கா, உங்க புத்தகம்" என்று இரண்டு கையாலும் நீட்டினார். என்ன மரியாதை. அவர் நின்ற இடத்தில் வெளிச்சம் மறைந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார், கண்ணை இமைக்கவில்லை. எனக்குப் பின்கழுத்து சிலிர்த்தது, உள்ளங்கை வேர்த்தது, முழங்கால் இற்றுப்போன மாதிரி ஆனது. நாயகன் வாசலில் வந்து நிற்கும்போது நாயகிக்கு எப்போதும் ஆகிறதே, அதே மாதிரி. இந்த வயசில் எனக்கும் ஒரு தடவை ஆகிறதே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

பின்னட்டையைத் திறந்து பார்த்தேன். அவள் வரிகளுக்குக் கீழே எழுதியிருந்தார்: "கதை நன்றாக இருக்கிறது. இவளிடம் எதற்குக் கேட்க வேண்டும்?" பேனாவை அழுத்தின அழுத்தத்தில் எழுத்து பின்னட்டையின் வெளிப்பக்கத்தில் புடைத்திருந்தது. விரலால் தடவினாலே தெரியும்.

"இருக்காளா அக்கா?"

"மூணாவது மாடி, இடது பக்கம். வாசல்ல ஆம்பளைச் செருப்பு கிடக்கும், தப்பா நினைக்காதீங்க. அது சும்மா."

"சும்மாவா" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார்.

அவர் தட்டினால் அவள் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் கூடவே போனேன். அவர் தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு இரண்டு படி பின்னால், சுவரை ஒட்டி வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன், நின்றது. "நான்தாம்மா, கீழ் வீட்டு அக்கா. புதுசு ஒண்ணு வந்திருக்கு, உனக்குத்தான் முதல்ல." ஒன்று, இரண்டு, மூன்று என்று தாழ்ப்பாள்கள் விலகின. அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது, மேடம். அதைச் சொல்லியாக வேண்டும். புத்தகத்துக்காகக் கையை நீட்டினாள். அப்புறம் எனக்குப் பின்னால் பார்த்தாள். கத்தவில்லை. நீட்டின கையை மடக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள். அவர் என்னை மெல்ல ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

மருந்துப் பையோடு நர்ஸ் வேலைக்குக் கிளம்பி வந்தாள். நடையில் நின்றுவிட்டாள். "என்னக்கா சத்தம் அங்க?"

"அவ வீட்டுக்காரர் வந்திருக்கார். ரொம்ப நாளைக்கப்புறம் பார்க்கறாங்க, ஏதோ பேசிக்கறாங்க."

"பேசற சத்தம் மாதிரி இல்லையே?"

"உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்போ தெரியும். போடி, பஸ் போயிடப்போகுது."

சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. இறங்கிப் போனாள். விசாரணையில் உங்களிடம் அவள் சொன்னதெல்லாம் உண்மைதான், ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

உள்ளிருந்து "அக்கா" என்று கூப்பிட்டாள். அலறல் இல்லை, சாதாரணமாக, படிக்கட்டில் என்னைக் கூப்பிடுகிற மாதிரி. உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். முதலில் என் முகத்துக்கு நேரே. அப்புறம் இடுப்பு உயரத்தில். அப்புறம் தரைக்குப் பக்கத்தில், என் கால்விரல்களுக்கு எதிரே. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் "அக்கா, அக்கா." நாவல்களில் இருபதாவது அத்தியாயம் வரை நாயகி எதிர்க்கத்தான் செய்வாள். நடுவில் யாராவது புகுந்தால் கதை கெட்டுவிடும்.

கதவு ஏன் திறக்கவில்லை என்றுதானே மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். அவர் உள்ளே பூட்டவில்லை, மேடம். அவள் எப்படியோ அவர் கையிலிருந்து நழுவிக் கதவு வரைக்கும் வந்துவிட்டாள். உள்தாழ்ப்பாள் மூன்றும் திறந்துதான் கிடந்தன. வெளித் தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். போட்ட கையை எடுக்கவும் இல்லை. பயத்தில் கை வரவில்லை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், எனக்கு அந்தச் சலுகை வேண்டாம். திறந்திருந்தால் அவள் இறங்கி ஓடியிருப்பாள், அந்த ஐந்து வரியை மாற்றிக்கொள்ளாமலே.

கடைசியில் தட்டுவதை நிறுத்தினாள். ஒரு எதிர்ப்பும் இல்லை, அவ்வளவு அமைதி. அவரை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.